ஷாட்டை எறியாதீங்க: தடகள இங்கிலீஷ் கேள்வி பதில்

பள்ளிகளில் விளையாட்டு விழா சீசன் தொடங்கிவிட்டது. போட்டிகளில் புழங்கும் இங்கிலீஷ் சொற்களில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மதுரைப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக விசில் ஊதியவன் என்ற தைரியம்தான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மேலூரிலிருந்து ஓர் அம்மா: ஒன்பதாவது படிக்கும் மகள் கட்டுரையில் ‘ஐ த்ரூ தி ஷாட்புட்’ என்று எழுதினாள். டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். தமிழில் குண்டு எறிதல் என்றுதானே சொல்கிறோம்? என்ன தப்பு சார்?

டீச்சர் சுழித்தது சரிதாம்மா. அதில் இரண்டு தப்பு இருக்கிறது.

முதலாவது, குண்டின் பெயர் வெறும் ஷாட்தான். பீரங்கியில் போடும் இரும்புக் குண்டுக்கு அந்தப் பெயர் இருந்தது, அப்படியே விளையாட்டுக்கும் வந்துவிட்டது. ஆண்களுக்கு 7.26 கிலோ என்று ஒரு விசித்திரமான எடை இருக்கிறதே, அது பழைய 16 பவுண்டு. பெண்களுக்கு 4 கிலோ. ஷாட்புட் என்பது போட்டியின் பெயர். நம்ம கிரவுண்டில் “டேய், அந்த ஷாட்புட்டைத் தூக்கிட்டு வாடா” என்போம். கபடியைத் தூக்கிட்டு வா என்று சொல்வதைப் போலத்தான் அது.

இரண்டாவது தப்புதான் பெரியது. புட் என்ற சொல்லுக்குப் பழைய இங்கிலீஷில் தள்ளு, உந்து என்று பொருள். விதியும் அதைத்தான் கேட்கிறது. ஒரே கையால், தோளிலிருந்து உந்த வேண்டும். தொடங்கும்போது குண்டு கழுத்தையோ தாடையையோ தொட்டபடி, அல்லது ஒட்டினாற்போல இருக்க வேண்டும். கை அதற்குக் கீழே இறங்கக் கூடாது, குண்டு தோள் வரிசைக்குப் பின்னால் போகக் கூடாது. எறிவதென்றால் கை பின்னால் போய்த்தானே வரும்? இங்கே அது ஃபவுல். ஆக ‘ஐ புட் தி ஷாட் எய்ட் மீட்டர்ஸ்’ என்று எழுதச் சொல்லுங்கள். நேற்று செய்ததற்கும் புட்தான். புட்டட் என்று எழுதி இன்னொரு சுழி வாங்கிவிடப் போகிறாள்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவனை மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப் போனேன். கல்லால் அடித்து மாங்காய் விழ வைக்கும் கை. “நல்லா வீசி எறிடா” என்று மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மூன்று தடவையும் குண்டு தோளுக்குப் பின்னால் போய்த்தான் வந்தது. மூன்று தடவையும் சிவப்புக் கொடி. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “சார், எறியத்தானே சொன்னீங்க?” என்றான். அதற்குப் பிறகு நான் யாரிடமும் எறி என்று சொன்னதில்லை. கையையும் கழுத்தையும் காட்டச் சொல்வேன். விரலிலும் கழுத்திலும் மண் ஒட்டியிருந்து உள்ளங்கை சுத்தமாக இருந்தால் பையன் சரியாக உந்தியிருக்கிறான். உள்ளங்கையில் மண் இருந்தால் குண்டைப் பிடித்ததே தப்பு.

தல்லாகுளத்திலிருந்து கல்லூரி மாணவர்: மைக்கில் அறிவிப்புச் செய்யப் போகிறேன் அண்ணே. பட் என்பதா, புட் என்பதா?

புட். மதுரைக்காரருக்கு இதில் சந்தேகமே வரக் கூடாது தம்பி, ஆவணியில் புட்டுத் திருவிழா நடக்கிற ஊர். ஆளைக் குறிப்பிடும்போதும் ஷாட் புட்டர்தான். எழுத்தில் இரண்டு ‘டி’ வருவதைப் பார்த்து ‘பட்டர்’ என்று படித்துவிடாதீர்கள். அது கோல்ஃப் மட்டையின் பெயர்.

இன்னொன்று. ‘ஆன் யுவர் மார்க், கெட் செட், கோ’ என்பது தெருப் பந்தயத்துக்குச் சரி. முறையான போட்டியில் ‘ஆன் யுவர் மார்க்ஸ்’ என்று ‘ஸ்’ சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம் ‘செட்’, அப்புறம் துப்பாக்கி. கோ கிடையாது. இதுவும் 400 மீட்டர் வரைக்கும்தான். அதற்கு மேற்பட்ட ஓட்டங்களில் செட்டும் கிடையாது, ‘ஆன் யுவர் மார்க்ஸ்’ முடிந்ததும் வெடிதான். 800 மீட்டருக்குச் செட் சொல்லிவிட்டு நிற்கிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

திருமங்கலம் வாசகர்: முதல் சுற்றுக்கு ஏன் ஹீட்ஸ் என்று பெயர்? வெயிலில் ஓடுவதாலா?

சித்திரை மாதம் நம்ம ஊரில் ஓடினால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல். ஒரே மூச்சில் ஓடி முடிக்கும் ஒரு ஓட்டத்துக்கு ஹீட் என்றார்கள். இருவர் சரிசமமாக முடித்தால் டெட் ஹீட் என்பதும் இதே வழியில் வந்ததுதான். நம்ம எம்.ஜி.ஆர். ஸ்டேடியம் இருக்கும் ரோட்டுக்கே ரேஸ் கோர்ஸ் ரோடு என்றுதானே பெயர், பொருத்தம்தான்.

பேரையூரிலிருந்து ஓர் அப்பா: ரிசல்ட் ஷீட்டில் மகன் பெயருக்கு நேரே என்.எம். என்று இருக்கிறது. மார்க் போடவில்லை என்று அர்த்தமா? யாரிடம் கேட்பது?

யாரிடமும் கேட்க வேண்டாங்க. நோ மார்க் என்பதன் சுருக்கம் அது. இங்கே மார்க் என்றால் பரீட்சை மார்க் இல்லை, பதிவான தூரம். செல்லுபடியாகும் முயற்சி ஒன்றுகூட இல்லை என்று பொருள். மேலே சொன்ன மாங்காய்ப் பையனுக்கு வந்ததும் இதே என்.எம்.தான். அந்த வரிசையில் எக்ஸ் குறி இருந்தால் ஃபவுல், சின்னக் கோடு இருந்தால் அந்த வாய்ப்பை அவனே வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

எத்தனை எக்ஸ் என்று பாருங்கள். மூன்றும் எக்ஸ் என்றால் பெரும்பாலும் காலில்தான் கோளாறு. வட்டத்தின் குறுக்களவு 2.135 மீட்டர். முன்பக்கம் வெள்ளையாக ஒரு மரக்கட்டை இருக்கும், அதற்கு ஸ்டாப் போர்டு என்று பெயர். அதன் உட்பக்கத்தைக் கால் தொடலாம், மேலே மிதிக்கக் கூடாது. குண்டு தரையில் விழுந்த பிறகுதான் வெளியே வர வேண்டும், அதுவும் பின்பாதி வழியாக. நன்றாக உந்திவிட்டுச் சந்தோஷத்தில் முன்னால் குதித்து வெளியேறும் பிள்ளைகள்தான் அதிகம். மனசு கஷ்டமாக இருக்கும்.

மற்ற சுருக்கங்கள்: டி.என்.எஸ். என்றால் ஆள் போட்டியில் இறங்கவே இல்லை, டி.என்.எஃப். என்றால் ஓட்டத்தை முடிக்கவில்லை, டி.கியூ. என்றால் தகுதி நீக்கம். பி.பி. என்று பார்த்தால் ரத்த அழுத்தம் என்று பயப்படாதீர்கள். பெர்சனல் பெஸ்ட், அவனுடைய வாழ்நாளிலேயே சிறந்த தூரம்.

வாடிப்பட்டியிலிருந்து: கோச் வேலைக்கு இன்டர்வியூ போகிறேன் சார். கிளைடு, ரொட்டேஷன் வித்தியாசத்தை எப்படிச் சொல்வது?

கிளைடு என்றால் வழுக்கிக்கொண்டு வருவது. குண்டு போய் விழும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, ஒற்றைக் காலில் பின்னோக்கிச் சறுக்கி, கடைசியில் திரும்பி உந்துவார்கள். முதுகைக் காட்டி நிற்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் பேரி ஓ’பிரையன். 1952, 1956 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினார். ரொட்டேஷன் என்பது வட்டு எறிபவர் மாதிரி சுற்றி வந்து உந்துவது. ஸ்பின் என்றும் சொல்வார்கள். 2023-ல் 23.56 மீட்டர் உந்தி உலக சாதனை வைத்த ரையன் கிரவுசர் சுற்றுகிற ஆள். நம்ம நாட்டுச் சாதனையைக் கேட்டால் தஜிந்தர்பால் சிங் தூர், 21.77 மீட்டர், அதுவும் 2023-தான். என் கருத்தைக் கேட்டால், பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் கிளைடுதான். சுற்ற ஆரம்பித்தால் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது, பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஆபத்து.

அண்ணாநகரிலிருந்து: அத்லெடிக்ஸ், டிராக் அண்ட் ஃபீல்டு இரண்டும் ஒன்றா?

ஏறக்குறைய ஒன்றுதான். நாமும் பிரிட்டிஷ்காரர்களும் அத்லெடிக்ஸ் என்போம். அமெரிக்காவில் அத்லெடிக்ஸ் என்றால் பொதுவாக எல்லா விளையாட்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். சர்டிஃபிகேட்டை அங்கே அனுப்புவதாக இருந்தால் டிராக் அண்ட் ஃபீல்டு என்று போடுங்கள். நம்ம சொல்லிலேயே இரண்டும் இருக்கிறது பாருங்கள்: தடம், களம், தடகளம்.

சக்கிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு மாணவி: ரிலேயில் லெக், ஆங்கர் என்கிறார்களே அண்ணா?

உங்கள் சக்கிமங்கலத்து ரேவதி டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டம் ஓடினாரே, அதில் ஆளுக்கு 400 மீட்டர். ஒவ்வொருவர் ஓடும் பங்கும் ஒரு லெக். கடைசி லெக் ஓடுபவர் ஆங்கர். கம்பு மாற்றும் இடம் டேக் ஓவர் ஸோன். 4x100-ல் 30 மீட்டர், 4x400-ல் 20 மீட்டர். கம்பின் பெயர் பேட்டன், ஸ்டிக் இல்லை.

அலங்காநல்லூர்ப் பெரியவர்: எங்க காலத்தில் இளவட்டக்கல் தூக்கினோம் தம்பி. அதுக்கு இங்கிலீஷில் ஷாட்புட்டுன்னு சொல்லலாமா?

முடியாதுங்க ஐயா. இங்கிலீஷிலும் இளவட்டக்கல் என்றே எழுதிவிட்டு, பக்கத்தில் ‘ஸ்டோன் லிஃப்டிங்’ என்று விளக்கம் போடலாம். ஸ்காட்லாந்தில் இன்றைக்கும் இரும்புக்குப் பதிலாகக் கல்லைத் தோளிலிருந்து உந்தும் போட்டி உண்டு, அதற்கு ஸ்டோன் புட் என்று பெயர். நீங்கள் செய்தது வேறு. முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளில் வைத்து, பின்பக்கமாகத் தள்ளிவிட்டீர்கள். எங்க விதிப்படி குண்டு தோளுக்குப் பின்னால் போனாலே சிவப்புக் கொடிங்க ஐயா.