நேற்று ராத்திரி எத்தனை யூனிட்?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. 7 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய். 18 முடிந்ததும் பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் போகச் சொல்கிறார்கள். புது மருத்துவர் இன்சுலினை மாற்றிவிடுவாரா? வயிற்றில் ஊசி போடும் இடத்தில் கட்டி மாதிரி இருக்கிறது. சிறுநீரகம் கெட்டுவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. உறவினர் தந்த மூலிகைப் பொடி கொடுக்கலாமா? இதுவரை டோஸ், ஊசி எல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

பதில்: உங்கள் பயம் கடைசி வரியில் இருக்கிறது, அம்மா. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த வயதுப் பிள்ளைகள் வரும்போது, "நேற்று ராத்திரி எத்தனை யூனிட் போட்டே?" என்று பையனைப் பார்த்துத்தான் கேட்பேன். "18, டாக்டர்" என்று அம்மாவிடமிருந்து பதில் வரும். பையன் செல்போனிலிருந்து தலை தூக்கமாட்டான். இந்தப் பொறுப்பு 12, 13 வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறியிருக்க வேண்டும். பரவாயில்லை, இன்னும் நாள் இருக்கிறது. இனி டோஸை அவன் கணக்குப் போடட்டும், நீங்கள் சரிபாருங்கள். இன்சுலின் தீருமுன் வாங்கி வைப்பது அவன் வேலை. மருத்துவரிடம் பாதி நேரம் அவன் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். மது குடித்தால் பல மணி நேரம் கழித்துக்கூட சர்க்கரை திடீரென்று இறங்கலாம். இதை உங்களை வைத்துக்கொண்டு அவன் கேட்கமாட்டான்.

ஒன்றை மட்டும் அவனுக்கு மனப்பாடம் ஆக்கிவிடுங்கள். வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகமாக மூச்சு வாங்குவது, மூச்சில் பழவாடை. இவை இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறுவதன் அடையாளங்கள், உயிருக்கே ஆபத்து. தனியாக இருக்கும் பிள்ளைகள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். "சாப்பிடவே இல்லையே, எதற்கு இன்சுலின்" என்று ஊசியை விட்டுவிட்டு, அசிடிட்டி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! சாப்பிடாவிட்டாலும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நிறுத்தவே கூடாது. கீட்டோன் ஸ்ட்ரிப்பில் பார்க்க வேண்டும். வாந்தி நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பெரியவர்கள் பிரிவுக்கு வரும் சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் டைப் 2, அவர்களில் பலர் மாத்திரையிலேயே சமாளிப்பார்கள். அதனால் உள்ளே நுழைந்ததும் "எனக்கு டைப் 1, இன்சுலினை நிறுத்தக்கூடாது" என்று அவன் வாயால் சொல்லத் தெரிய வேண்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள். சரியாகப் போய்க்கொண்டிருக்கும் இன்சுலினைப் புது மருத்துவர் காரணமில்லாமல் மாற்றமாட்டார். கட்டி, ஒரே இடத்தில் குத்திக் குத்தி வந்த கொழுப்புத் தடிப்பு. இடத்தை மாற்றிப் போடுங்கள். புது இடத்தில் மருந்து நன்றாக ஏறும், சர்க்கரை இறங்கிவிடலாம், அதனால் டோஸை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். சிறுநீரகம் எல்லோருக்கும் கெடுவதில்லை. வருடம் ஒருமுறை சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பரிசோதனை செய்தால் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். தூக்கத்தைக் கெடுக்கும் அந்தப் பக்கத்தை மூடிவையுங்கள்.

பொடி கூடவே கூடாது. 1922 ஜனவரியில் டொரோன்டோவில் முதன்முதலாக இன்சுலின் சிகிச்சை பெற்ற லியோனார்டு தாம்சனுக்கு வயது 14. அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை, பொடிகளும் கஷாயங்களும் அப்போதும் இருந்தன.

எனக்குக் கவலை, பழைய மருத்துவரிடம் போவது நின்று புது மருத்துவரிடம் போகத் தொடங்காத அந்த இடைவெளிதான். நன்றாக இருந்த பிள்ளைகள் பலர் காணாமல் போவது அங்கேதான். ஆகவே குழந்தைகள் நல மருத்துவரைக் கடைசியாகப் பார்க்கும் முன்பே புது மருத்துவரிடம் தேதி வாங்குங்கள். இன்சுலின் சீட்டு அந்தத் தேதியைத் தாண்டி ஒரு மாதம் வருகிற மாதிரி எழுதித் தரச் சொல்லுங்கள். டோஸ், கடைசி ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கண், சிறுநீர்ப் பரிசோதனைத் தேதிகள், முன்பு கீட்டோன் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்தது உண்டா என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் அவன் பையில் இருக்கட்டும், உங்கள் பையில் வேண்டாம்.