தாழிக்குள்ள இருக்குற புருஷன்

அண்ணா, வணக்கம். நீங்க சொன்னீங்களேன்னு இத்தாலிய டைரக்டர் பசோலினியோட 'டெக்கமரான்' (1971) படத்தப் போட்டேன். ஊமை வேஷம் போட்ட தோட்டக்காரன், அவன் பின்னால மடத்து கன்னியாஸ்திரிங்க எல்லாரும்... பாதியில நிறுத்திட்டேன். இலக்கியம்ங்கிற பேர்ல வெறும் அசிங்கம்தானே இது?

தம்பி,

பாதியில நிறுத்திட்டீங்களேன்னு நெஜமாவே வருத்தமா இருக்கு. பெரொனெல்லா கதை பாத்திருப்பீங்க இல்ல, கள்ளக்காதலனோட இருக்கும்போது புருஷன் வந்துடறான், காதலன் தாழிக்குள்ள ஒளியறான், புருஷன் தாழிய அஞ்சு காசுக்கு வித்துட்டேன்னு சொல்ல இவ நான் ஏழுக்கே வித்துட்டேன், வாங்குறவர் உள்ள இறங்கி பாத்துட்டிருக்கார்னு ஒரே போடா போடறா, அப்புறம் புருஷனையே உள்ள இறக்கி சுரண்ட விட்டு தாழி வாய் மேல குனிஞ்சு நின்னு "இங்க சுரண்டு, அங்க சுரண்டு"ன்னு சொல்லிட்டே... சிரிப்பு வர்றது அவளோட அந்த வாய் சாமர்த்தியத்துக்குத்தான். இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோ 14ஆம் நூற்றாண்டுல 'டெக்கமரான்' புத்தகத்துல எழுதினது அப்படியே படத்துல இருக்கு.

அவர் கதைங்க சொல்லப்படுற நேரத்த மறந்துடாதீங்க. 1348, இத்தாலியில ஃப்ளாரன்ஸ் நகரத்துல பிளேக், தெருவெல்லாம் பொணம், ஊர விட்டுப் போன ஏழு பொண்ணுங்களும் மூணு பசங்களும் பத்து நாள்ல நூறு கதை சொல்றாங்க. அப்பவே அசிங்கம்னு திட்டினாங்க போல, கடைசியில அவரே பதில் சொல்றார், இதெல்லாம் சர்ச்லயோ தத்துவம் படிக்கிற எடத்துலயோ சொன்னதில்ல, தோட்டத்துல வச்சு சொன்னதுன்னு.

பசோலினி பிளேக்கையும் அந்தப் பத்து பேரையும் மொத்தமா விட்டுட்டார், கதைங்கள தெற்கு இத்தாலியில இருக்குற நேப்பிள்ஸுக்குக் கொண்டுபோய் அந்த ஊர் பேச்சுலயே பேச வச்சார். எனக்கு அது ரொம்பப் பிடிச்ச முடிவு, ஏன்னா பெரொனெல்லா கதை மூலத்துலயும் நேப்பிள்ஸ்லதான் நடக்குது, பொக்காச்சியோ இளவயசுல இருந்த ஊரும் அதான். பெரும்பாலும் நடிப்பே தெரியாத ஆளுங்க, பல்லு போன வாயோட சிரிக்கிற மூஞ்சிங்க, வெட்கப்படாத ஒடம்புங்க. இது ஓடினதும் இத்தாலியில காப்பியடிச்சு மலிவான படங்க வரிசையா வந்துச்சு, அதுல துணி அவுக்கறது இருந்துச்சு, தாழிக்கார பொண்ணோட புத்தி இல்ல. நீங்க சொல்ற அசிங்கம்ங்கிற வார்த்தை அதுங்களுக்குப் பொருந்தும். 1975ல பசோலினியே இதையும் சேத்து தான் எடுத்த இந்த மாதிரிப் படங்கள வேணாம்னு மறுத்து எழுதினார், ஆனா அவர் மறுத்தாலும் நான் மறுக்க மாட்டேன்.

நீங்க பாக்காத பாதியில காதெரீனாங்கிற பொண்ணு நைட்டிங்கேல் பறவையோட பாட்டு கேக்கணும்னு மாடியில படுப்பா, காலையில அப்பா அம்மா வந்து பாத்தா பக்கத்துல பையன், அங்கயே கல்யாணம் முடிஞ்சுடும். அதே மாதிரி காதலிச்ச இன்னொரு பொண்ணு எலிசபெத்தா, அவளோட அண்ணனுங்க காதலனக் கொன்னு பொதைச்சுடறாங்க, அவ தோண்டி தலைய எடுத்துட்டு வந்து தொட்டியில வச்சு மேல செடி நடுவா, நம்ம ஊரு திருநீத்துப்பச்சிலைதான் அது. இந்த ரெண்டையும் ஒரே படத்துல வச்சிருக்கார். அங்கேருந்து போட்டுப் பாருங்க, பாத்துட்டு எழுதுங்க.