பொலோஞாவில் கோழி ப்ரோதோ: புதிதாக வந்த தங்கைக்கு ஒரு பதில்

அன்புத் தங்கைக்கு,

செப்டம்பரில் இத்தாலியின் பொலோஞாவுக்குப் படிக்க வந்து, நவம்பரில் முதல் காய்ச்சலில் படுத்து, மாடி வீட்டு அம்மையார் கொண்டுவந்து கொடுத்த கோழிச் சூப்பைக் குடித்துத் தேறியதாக எழுதியிருந்தீர்கள். இப்படிக் காய்ச்சும் தெளிந்த சாற்றுக்கு இங்கே ‘ப்ரோதோ’ என்று பெயர். அதையே நீங்கள் வைத்தபோது வெந்நீரைப்போல் இருந்தது என்றும், மிளகும் சீரகமும் சேர்த்தும் அந்தச் சுவை வரவில்லை என்றும், அவர் அப்படி என்னதான் போடுகிறார் என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த ஊரில் 19 ஆண்டுகளாகச் சமைப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் போடுவது மிகக் கொஞ்சம். சுவை முழுவதும் கோழியின் வயதிலும் அடுப்பின் தீயிலும் இருக்கிறது.

கோழியிலிருந்து தொடங்குகிறேன். வந்த புதிதில் எல்லோரும் செய்வதுபோல, பேரங்காடியில் தோலும் எலும்பும் நீக்கிய நெஞ்சுக்கறியை வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் எத்தனை மணி நேரம் காய்ச்சினாலும் சாறு இறங்காது. இங்கே ‘பொல்லோ’ என்றால் இளங்கோழி. ‘கல்லீனா’ என்றால் முட்டையிட்டு முதிர்ந்த பெட்டைக்கோழி. நம் வீடுகளில் காய்ச்சல்காரருக்குச் சாறு வைக்க நாட்டுக்கோழியைத் தேடுவது எந்தக் காரணத்துக்காகவோ, அதே காரணத்துக்காகத்தான் இவர்கள் கல்லீனாவைத் தேடுகிறார்கள். முதிர்ந்த கோழியின் எலும்பு, தோல், மூட்டுகளிலிருந்து கரைந்து இறங்கும் பசைதான் சாற்றுக்குக் கனத்தைத் தருகிறது. நன்றாக வந்த ப்ரோதோ குளிர்பெட்டியில் ஓர் இரவு இருந்தால் ஜெல்லிபோல் தளதளவென்று உறைந்து நிற்கும். இறைச்சிக் கடையில் “கல்லீனா தா ப்ரோதோ” என்று கேளுங்கள். முழுக்கோழி அதிகம் என்றால், பாதியாக வெட்டித் தரும்படி கேட்கத் தயங்க வேண்டாம்.

இறைச்சியை மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் அலசும் பழக்கம் நம் கையை விட்டுப் போகாது. எனக்கும் அதை விட வெகுநாள் ஆயிற்று. ஆனால் இங்கே சுத்தம் செய்தே விற்கிறார்கள். குழாயடியில் அலசும்போது தெறிக்கும் நீர்தான் கிருமியை அடுப்படியெங்கும் பரப்பும். காகிதத்துண்டால் ஒற்றியெடுத்து, ஒட்டியிருக்கும் சிறு இறகுகளை நீக்கினால் போதும்; கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஒன்றரைக் கிலோ கோழிக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு கேரட், இரண்டு தண்டு செலரி, ஒரு வெங்காயம், சில முழு மிளகு, விருப்பமானால் வெங்காயத்தில் குத்திய ஒரு கிராம்பு. அவ்வளவுதான். கேரட், செலரி, வெங்காயம் ஆகியவற்றைச் சேர்த்து ‘ஒதோரி’, அதாவது மணங்கள், என்று இவர்கள் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த சொல்வழக்கு. தாளிப்பு இல்லாத சமையலில் மணம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது.

இனி, நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். கோழியைக் குளிர்ந்த நீரில் போட்டு, அந்த நீரோடு சேர்த்தே மெதுவாகச் சூடேற்ற வேண்டும். கொதிக்கிற நீரில் போட்டால் கறி ருசியாக இருக்கும், ஆனால் சாறு மெலிந்துவிடும். குளிர்நீரில் தொடங்கினால் கறியின் ருசி கொஞ்சம் கொஞ்சமாக நீருக்கு மாறிவரும். சூடேறும்போது மேலே திரளும் சாம்பல் நிற நுரையைத் துளைக்கரண்டியால் பொறுமையாக எடுத்துக்கொண்டே இருங்கள். நுரை அடங்கிய பிறகு காய்களைப் போட்டு, அடுப்பின் மிகச் சிறிய பர்னருக்கு மாற்றி, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ்கள் மட்டும் எழும் அளவுக்குத் தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே விலக்கி வைத்து, இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரம் வரை விட்டுவிடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு உடைந்து நீரோடு கலந்து சாறு கலங்கிவிடும். நீங்கள் மேல்வீட்டில் பார்த்த அந்தத் தெளிந்த தங்க நிறம் வராது. குக்கரில் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அவசரத்துக்கு நானும் அப்படிச் செய்வதுண்டு, ஆனால் காய்ச்சலில் இருப்பவருக்கு வைக்கும்போது செய்வதில்லை. நீர் வற்ற வற்ற உப்பு கூடும் என்பதால் உப்பைக் கடைசியில் போடுங்கள்.

அந்த அம்மையார் போடுவதில் உங்கள் கண்ணில் படாத ஒன்று இருக்கக்கூடும்: பார்மிஜானோ பாலாடைக்கட்டியின் ஓரத்தோல். குறைந்தது 12 மாதம் முதிர வைத்த அந்தக் கட்டியின் தோல் மெழுகு பூசியதன்று, பாலாடைக்கட்டியே காற்றில் இறுகிக் கெட்டியானது. அதனால் தயங்காமல் சமைக்கலாம். வெளிப்பக்கத்தைக் கத்தியால் சுரண்டிக் கழுவி, கடைசி ஒரு மணி நேரத்தில் சாற்றில் இடுங்கள். நீங்கள் மிளகிலும் சீரகத்திலும் தேடிய ஆழம் இதில்தான் இருக்கிறது. இங்கே எந்த வீட்டிலும் அந்தத் தோலைக் குப்பையில் போடுவதை நான் பார்த்ததில்லை.

வடிகட்டிய சாற்றில் உடல்நலமில்லாதவருக்கும் குழந்தைகளுக்கும் போடுவது ‘பாஸ்தீனா’ என்னும் பொடிப் பாஸ்தா. நட்சத்திர வடிவில் இருப்பது ‘ஸ்தெல்லீனே’. ஒருவருக்கு 40 கிராம் போதும். ஒருவேளைக்கு வேண்டிய சாற்றை மட்டும் தனியாக எடுத்துக் கொதிக்கவைத்து, அதில் வேகவைத்து, உடனே குடித்துவிடுங்கள். பானை முழுவதிலும் பாஸ்தாவைக் கொட்டினால் சாறு முழுவதையும் அது உறிஞ்சிக்கொள்ளும், மறுநாள் கூழ்தான் மிஞ்சும். பசி கொஞ்சம் திரும்பியதும் ரோமாபுரிக்காரர்களின் ‘ஸ்த்ராச்சாதெல்லா’வைச் செய்து பாருங்கள்: இரண்டு முட்டையை இரண்டு மேசைக்கரண்டி துருவிய பார்மிஜானோவோடும் ஒரு சிட்டிகை ஜாதிக்காயோடும் அடித்து, கொதிக்கும் ஒரு லிட்டர் ப்ரோதோவில் ஊற்றிக் கிளறினால், முட்டை மெல்லிய இழைகளாகத் திரண்டு நிற்கும்.

மிளகு, சீரகம் போடலாமா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் உங்கள் நாவுக்கு எதுவும் போடலாம். என் பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் நானும் கிண்ணத்தின் மேல் மிளகைத் தூக்கலாகவே நுணுக்கிப் போடுகிறேன். பானையில் மட்டும் மிளகுப்பொடியும் சீரகமும் போடாதீர்கள்; முன்பு சொன்ன சில முழு மிளகு போதும். நோயாளிக்குக் காரமும் பொரியலும் இல்லாத எளிய உணவு கொடுப்பதை இவர்கள் ‘வெள்ளையாகச் சாப்பிடுவது’ என்பார்கள். முதல் முறை அப்படியே வெள்ளையாக வைத்து, அந்தச் சுவையை நாக்கு அறிந்த பிறகு மாற்றுங்கள்.

மிஞ்சிய சாற்றை அகலமான பாத்திரத்தில் விரைவாக ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் மேலே படியும் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், அல்லது சிறு டப்பாக்களில் முக்கால் அளவு ஊற்றி உறையவையுங்கள். வெந்த கறியைப் பிய்த்து ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டுச் சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். ஆகவே சனிக்கிழமை காலையிலேயே ஊகோ பாஸ்ஸி தெருவிலுள்ள மெர்காத்தோ தெல்லே ஏர்பே சந்தைக்குப் போய்விடுங்கள். கோழியும் ஒதோரியும் அங்கே ஒரே கூரையின்கீழ் கிடைக்கும்.