தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிராம் இருந்தும் அங்கே குடியேறிய நம் இந்தியர்கள் ஏன் தனியாக பஸ் விட்டார்கள்?

டிராம் எங்கே போனது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். 1902இல் வந்த மின்சார டிராம் பெரும்பாலும் நகரத்தையும் வெள்ளையர் வாழ்ந்த பெரியா (Berea) என்ற மேட்டுப் பகுதியையும் சுற்றித்தான் ஓடியது. கரும்புத்தோட்ட ஒப்பந்தம் முடிந்து நம் ஆட்கள் காய்கறி போட்டுப் பிழைத்த கிளேர்வுட், கேட்டோ மேனர் பக்கமெல்லாம் 1932 வரை நகர எல்லைக்கே வெளியே. டிராமில் ஏறினாலும் அதன் மாடியில் பின்வரிசைதான் நமக்கு.

அதனால் 1920களில் குடும்பம் குடும்பமாகக் காசு சேர்த்து பஸ் வாங்கினார்கள். லாரியின் அடிச்சட்டத்தின்மேல் பலகையடித்துக் கட்டிய வண்டி, உள்ளே மரபெஞ்சு, கூரையில் மார்க்கெட்டுக்குப் போகும் கீரைக்கூடைகள், அந்த ஈரம் ஜன்னல் வழியாகத் தோளில் சொட்டும் என்று பாட்டி சொல்வார். அண்ணன் ஓட்ட, தம்பி டிக்கெட் கொடுப்பான்.

அப்புறம் 1930இல் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் வந்தது. ரயில்வே வருமானத்தைக் காப்பது அதன் முக்கிய நோக்கம். போக்குவரத்து வாரியத்தின் சான்றிதழ் இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. கிளேர்வுட் வழியாக ரயிலும் போனதால், அங்கே பஸ் தேவை என்று நிரூபிப்பதே பெரும்பாடு. என்னைக் கேட்டால், டிராமைவிட இந்தச் சான்றிதழ்தான் நம் பஸ்காரர்களின் கதையைத் தீர்மானித்தது.