ஒன்றரை வயசுக்கு, குழந்தைக்கான கார் சீட்டை முன்னோக்கித் திருப்பலாமா?
சகோ, பாப்பாவுக்கு ஒன்றரை வயசு, கால் பின்சீட்டில் முட்டுது, திருப்பிடலாமான்னு கேட்டிருக்கீங்க. அவசரமே வேண்டாம். கால் மடங்கியிருந்தா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. மோதும்போது காப்பாத்த வேண்டியது தலையும் கழுத்தும்தான். சீட்டில் போட்டிருக்கிற எடை, உயர வரம்பைத் தாண்டுற வரைக்கும் பின்னோக்கியே உட்காரட்டும்.

எனக்குக் கவலை, சீட் ஆடுதுன்னு சொன்னீங்களே, அதுதான். பெல்ட் நுழையுற இடத்துல பிடிச்சு ஆட்டிப் பாருங்க, 2.5 செ.மீ.க்கு மேல நகரக் கூடாது. மேல் விளிம்பைப் பிடிச்சா கொஞ்சம் ஆடத்தான் செய்யும். சீட்டை நல்லா அழுத்திக்கிட்டே பெல்ட்டை இழுங்க. காரிலும் சீட்டிலும் ஐசோஃபிக்ஸ் (பெல்ட் இல்லாமலே சீட்டை காரோட மாட்டுற கொக்கி அமைப்பு) இருந்தா வேலை இன்னும் சுலபம். பாப்பாவைக் கட்டுற தோள்வார், தோள் மட்டத்துல இல்லைன்னா சற்றுக் கீழே இருந்து வரணும்.

ஏர்பேக் வேலை செய்யுற முன்சீட்டில் இந்தக் குழந்தை சீட்டை வைக்கவே கூடாது. ஆமா, சீட்டுக்குப் பதிலா தாத்தா மடியில உட்கார வைக்கவும் வேண்டாம்!