எட்டி, பிக்ஃபுட், சாம்பல் மனிதன்: எல்லா நாட்டு மர்ம உயிர்களும் ஏன் ஒரே சாயலில் இருக்கின்றன?

பலர் பார்த்ததாகச் சொல்வார்கள், ஆனால் உடலோ எலும்போ கிடைத்திருக்காது. அதைத்தான் மர்ம உயிர் என்கிறோம். இமயமலைக்கு எட்டி, அமெரிக்கக் காடுகளுக்கு பிக்ஃபுட், ஸ்காட்லாந்தின் பென் மக்டூயி மலைக்குச் சாம்பல் மனிதன். மூன்றும் மனித உருவம், மூன்றும் ராட்சத அளவு.

காரணம் கண்ணுக்கும் மனதுக்கும் நடுவில் இருக்கிறது. அரைகுறையாகத் தெரிவதை மனம் தனக்குப் பழகிய மனித உருவமாக நிரப்பிக்கொள்ளும். இரவில் கொடியில் காயும் சட்டை ஆள் நிற்பதுபோல் தெரிகிறதே, அதேதான்.

சாம்பல் மனிதனுக்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கத்தைக் கொடைக்கானலிலேயே பார்க்கலாம். அங்கே கோக்கர்ஸ் வாக் என்ற மலையோர நடைபாதையில் நிற்கும்போது சூரியன் முதுகுப்பக்கம் தாழ்வாகவும், எதிரே பள்ளத்தாக்கில் மூடுபனியும் இருந்தால், பனிமேல் நம் நிழலே ஒரு பெரிய உருவமாக எழும். தலையைச் சுற்றி வானவில் வளையம். கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு வளையம் அவர் தலையைச் சுற்றித்தான் தெரியும்! ஜெர்மனியின் புரோக்கன் மலையை வைத்து இதற்குப் 'புரோக்கன் பூதம்' என்று பெயர். தனியாகப் போகிறவர் இதைத் திடீரென்று பார்த்தால் எப்படி இருக்கும்?

எட்டியின் கதை வேறு. பனியில் பதிந்த சாதாரண விலங்கின் கால்தடம் வெயிலில் உருகி அகன்று, ராட்சதக் காலடிபோல் தெரியும். எட்டியுடையவை என்று வைத்திருந்த ஒன்பது மாதிரிகளை 2017இல் மரபணுச் சோதனை செய்தபோது எட்டு கரடி, ஒன்று நாய்.

அப்புறம், 'பார்த்தேன்' என்பவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைப்பது தவறு. பெரும்பாலோர் எதையோ உண்மையாகவே பார்த்திருப்பார்கள். அது இன்னது என்று புரிந்துகொண்டதில்தான் பிசகு.