வெளிநாட்டில் படிக்கும்போது பல்கலைக்கழகம் மாற முடியுமா?

முடியும். ஓரிடத்தில் படிப்பை விட்டு இன்னோரிடத்தில் சேர்வதுதான் மாற்றம். ஆனால் புதிய சேர்க்கைக் கடிதம் மட்டும் போதாது. பல நாடுகளில் மாணவர் அனுமதி குறிப்பிட்ட கல்வி நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டது. நீங்கள் ஒழுங்காகப் படிக்கிறீர்களா என்று அரசுக்குத் தெரிவிக்கும் பொறுப்பும் அந்த நிறுவனத்துடையதே. நாகர்கோவிலில் மார்த்தாண்டம் பஸ்ஸில் எடுத்த டிக்கெட்டைக் குளச்சல் பஸ்ஸில் நீட்டினால் நடத்துநர் ஏற்பாரா?

கனடாவில் 2024 நவம்பர் 8 முதல், கல்லூரி மாறப் புதிய படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்காவில் கொஞ்சம் எளிது: வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களை வைத்திருக்கும் அரசுக் கணினி அமைப்பான செவிஸில் (SEVIS) உள்ள உங்கள் பதிவைப் பழைய பல்கலைக்கழகம் புதியதற்கு மாற்றிவிடும், புதியது மாணவராகச் சேரத் தகுதி உண்டு என்று காட்டும் ஐ-20 படிவம் தரும். "முதலில் சேருங்கள், பிறகு பார்க்கலாம்" என்னும் உள்ளூர் முகவரை நம்பாதீர்கள்.

விசா முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறதே என்று பலர் அசட்டையாக இருக்கிறார்கள். தேதி மீதமிருப்பதாலேயே கல்லூரி மாறும் அனுமதி வந்துவிடாது.